சத்தம் போடாத உடும்பு

உடும்பு வாயைத் திறந்தது. திரை முழுக்கப் பல். பால்பாண்டி இருக்கையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். கொசு பறக்கிற அளவுக்கு ஒரு சத்தம் வந்தது. உடும்பு வாயை மூடிக்கொண்டது.

"மறுபடியும் அதே கூத்து!" என்று பல்லைக் கடித்தான்.

வசனம் தெளிவாகக் கேட்டது. படத்தில் மழை பெய்வது கேட்டது. உடும்பு வாயைத் திறந்தால் மட்டும் சத்தம் அடங்கிவிடுகிறது. ஏன் என்றுதான் அவனுக்குப் பிடிபடவில்லை.

ராட்சத உடும்பு ஊரை அழிக்கும் அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம். அதைக் கோடி கோடியாகக் கொட்டிப் புதிதாக எடுத்து, தமிழில் பேசவைத்து, அருப்புக்கோட்டைக்கு அனுப்பியிருந்தார்கள். 'உறுமல் நெஞ்சைப் பிளக்கும்' என்று போஸ்டரிலேயே போட்டிருந்தது. பால்பாண்டியின் மோட்டார் ரிப்பேர் கடைக்கு அமாவாசையன்றுதான் விடுமுறை. விடிந்தால் வெள்ளிக்கிழமை, படம் மாறிவிடும். இன்று அந்த உறுமலைக் கேட்காவிட்டால் இனி கேட்கவே முடியாது.

"இம்புட்டுப் பெரிய சீவன், வாயத் தொறந்தா காத்துத்தேன் வருது. ஒருத்தனுக்காச்சும் கோவம் வருதா பாரு!"

அவன் மனைவி அழகுத்தாய் திரும்பாமலே சொன்னாள்: "பேசாம உக்காருங்க. ஊரே பேசாமத்தான உக்காந்திருக்கு."

உண்மைதான். அரங்கில் ஒரு தலைகூட அசையவில்லை. அதுவே அவன் கோபத்தைக் கிளப்பியது. எழுந்து வெளியே போனான்.

மானேஜர் தனுஷ்கோடி போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தவர். "சவுண்டு கொறையுதா? யாருமே கம்ப்ளெய்ன்ட் பண்ணலையே, சார்" என்றார்.

"நான் பண்றேன்ல? காரணத்தையும் நானே சொல்றேன், கேளுங்க. தோட்டத்துல மோட்டாரப் போட்டதும் வீட்டு லைட்டு மங்குதுல்ல? ஏன்? மோட்டாரு கிளம்புற நேரத்துல கரண்ட்டை அள்ளி இழுக்கும். வோல்டேஜ் இறங்கிரும். உடும்பு உறுமுறதும் அதே மாதிரித்தேன். பெரிய ஸ்பீக்கரு கரண்ட்டை இழுக்குது. இங்க வோல்டேஜ் பத்தல. சவுண்டு படுத்துருது."

தனுஷ்கோடிக்கு அது நியாயமாகப் பட்டது. "என்ன செய்யலாம், சார்?"

"லோடக் கொறைக்கணும். கரண்ட்டு இழுக்குறத ஒவ்வொண்ணா நிறுத்தணும்."

முதலில் கேன்டீனில் ஐஸ்கிரீம் பெட்டியையும் பாப்கார்ன் மிஷினையும் நிறுத்தினார்கள். கேன்டீன் நடத்தும் தங்கச்செல்வி பாய்ந்து வந்தாள்.

"ஏய்யா, யாரு நீரு? சித்திரை வெயில்ல ஐஸ் பெட்டிய நிறுத்துறீரு!"

"கொஞ்ச நேரந்தேன், தாயி. உடும்பு உறுமணும்."

"உம்ம உடும்பு உறுமுறதுக்கு எஞ் சரக்கு உருகணுமா?"

அவன் காதில் வாங்காமல் உள்ளே ஓடினான். உடும்பு ஒரு பாலத்தை மிதித்து நொறுக்கிவிட்டு வானத்தைப் பார்த்து வாயைத் திறந்தது. கைக்குழந்தை கொட்டாவி விட்டதுபோல ஒரு சத்தம்.

பால்பாண்டி தலையிலடித்துக்கொண்டு திரும்ப வந்தான். "இது பத்தாது. வராண்டா ஃபேனையும் நிறுத்துங்க."

ஃபேன் நின்றது. தனுஷ்கோடியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தங்கச்செல்வி உருகிய குச்சி ஐஸை வாளியில் ஊற்றிக்கொண்டே திட்டினாள். உள்ளே உடும்பு கப்பல் ஒன்றைக் கடித்தது. கடித்த சத்தம் வந்தது. உறுமல் வரவில்லை.

"ஏசி!" என்று கத்தினான் பால்பாண்டி. "அதுதேன் பெரிய லோடு! அது ஓடுற வரைக்கும் உடும்புக்கு எங்கிருந்து கரண்ட்டு வரும்?"

"சார், வெளிய அனலாக் கொதிக்குது..."

"துட்டு வாங்கிட்டு ஊமை உடும்பக் காட்டுறீங்க! நிறுத்துறீங்களா, நான் நிறுத்தட்டுமா?"

தனுஷ்கோடி ஏசியின் சுவிட்சை இறக்கினார்.

சற்று நேரத்தில் அரங்குக்குள் ஒரு இருமல் கேட்டது. பிறகு முனகல். பிறகு நாற்காலிகள் படபடவென்று மடங்கின. கதவு திறந்து கூட்டம் வெளியே கொட்டியது. கலைந்த தலை, சிவந்த கண், எல்லா முகத்திலும் கொலைவெறி.

பால்பாண்டிக்குப் புல்லரித்தது. "இப்பத்தேன் ஊருக்கு ரோசம் வந்திருக்கு! வாங்கப்பா, எல்லாரும் சேந்து கேப்போம்!"

"எவன்லே ஏசிய நிறுத்துனது?" என்றார் தோளில் துண்டு போட்ட ஒருவர்.

"நாந்தேன். உடும்பு..."

"இவந்தேன்! பிடிங்கலே இவனை!"

சட்டைக் காலர் நாலு பேர் கைக்குள் போனது. அழகுத்தாய் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து புருஷனை ஒரு பக்கம் இழுத்தாள். தனுஷ்கோடி பாய்ந்துபோய் ஏசியைப் போட்டுவிட்டார். குளிர்ந்த காற்று வாசல் வரை வந்ததும் கூட்டம் பிடியை விட்டது. வரிசையாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

"நல்லது செய்யப் போனவன அடிக்க வாராய்ங்க!" பால்பாண்டி கிழிந்த காலரைத் தடவினான். "சவுண்டு இல்லாத படத்துக்குள்ள எதுக்கு இம்புட்டு அவசரமாப் போறாய்ங்க?"

தங்கச்செல்வி வாளியைக் கீழே வைத்தாள்.

"அண்ணாச்சி, கோடையில மேட்னிக்கு வாரவுக பூராம் ஏசியில தூங்க வாரவுக, உடும்பு கத்துனா முழிச்சிருவாகன்னு படம் ஓட்டுற ஆபரேட்டருதேன் அந்த நேரத்துக்குச் சவுண்டக் கொறைச்சு வைக்கிறாரு, படம் பாக்கணும்னா ஆறு மணி ஆட்டத்துக்கு வாங்க."