மணிக்கட்டுக்கு ஒன்பது சட்டம்

இந்த ஜென்மத்தில் இனித் தேங்காய் துருவுவதில்லை என்று நான் சபதம் எடுத்தது எண்பத்தெட்டாம் வருடம், ஒரு திங்கட்கிழமை. சபதம் மூன்று நாள் நின்றது. எங்கள் வீட்டில் என் சபதம் எதுவும் அவ்வளவு காலம் நின்றதில்லை.

அப்போது நான் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கிளாக்கர். பெயர் மரியரட்ணம். மனைவி பவுலின் அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். நான் நாலு மணிக்கு ஆபீசை விட்டு வருவேன். அவள் மலையிலிருந்து இறங்க ஐந்தரை ஆகும். அதற்குள் நான் பீலியில் தண்ணீர் பிடித்து, மா பிசைந்து, தேங்காய் துருவி வைத்திருக்க வேண்டும். ஆபீசில் ஐயா, குசினியில் ஆயா.

அந்த வருடம்தான் எங்கள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. லொறியில் வந்தது. கன்றுக்குட்டி கனம். நாலு பேர் சேர்ந்து தூக்கி வைத்தோம். வீரய்யா கங்காணி சூடம் கொளுத்திக் காட்டினார். நான் வேதக்காரன், சிலுவை போட்டுக்கொண்டேன். தோட்டத்தில் இருக்கிற ஆயிரத்து நானூறு பேரின் பெயரையும் அதில் ஏற்றச் சொன்னார்கள். பதினைந்தாம் நாள் என் மணிக்கட்டு பூசணிக்காய் போல வீங்கியது. சரி, கத்தரிக்காய். உள்ளதைச் சொன்னால் வீங்கவே இல்லை. வலித்தது.

பின்னாலேயே கொழும்பிலிருந்து ஒரு கவருமெண்டுக் கடுதாசி. கம்ப்யூட்டர் தட்டுகிற கைக்கு, இங்கிலீசில், எட்டுச் சட்டம். அரை மணிக்கு ஒருதரம் கைவேலையை நிறுத்து. விரலை உதறு. மணிக்கட்டை மடக்காதே. கண்ணைத் தூரத்தில் வை. இப்படி.

தோட்டத்தை நடத்தும் துரை என்னைக் கூப்பிட்டார். "மரியரட்ணம், இத தமிழ்ல அடிச்சி ஒட்டு."

துரைக்குத் தமிழ் பேச வரும். வாசிக்க வராது. சாத்தானுக்கு இந்த இடைவெளி போதும்.

எட்டையும் அடித்தேன். விரல் நிற்கவில்லை. ஒன்பதையும் அடித்தேன்: "நாள் முழுக்க ஒரே விரலசைவைச் செய்யும் கை, வீட்டில் தேங்காய் துருவுதல், மா பிசைதல், தண்ணீர் தூக்குதல் ஆகியவற்றைச் செய்யலாகாது. வீட்டிலுள்ள மற்றவரே செய்தல் வேண்டும்." சர்க்கார் வாடை அடிக்கட்டும் என்று கம்ப்யூட்டர் என்ற சொல்லைப் போடாமல் பொதுவாக எழுதினேன். சறுக்கியது அங்கேதான்.

துரை கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். ஒரு பிரதியோடு வீட்டுக்குப் போனேன். பவுலின் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். ஒன்பதில் நின்றாள். முத்திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"கவருமெண்டுக்கு நம்ம வீட்டுத் தேங்கா வரைக்கும் தெரிஞ்சிருக்கே."

"பின்ன? சும்மாவா கவருமெண்டு."

"அப்ப இனிமே நாந்தான் துருவணுமா?"

"நானா சொல்றேன்? சட்டம் சொல்லுது."

"சட்டம்னா செய்யத்தான வேணும்" என்று உட்கார்ந்து துருவினாள்.

நான் ராசா ஆனேன். செவ்வாய்க்கிழமை சாயந்தரம் என் கைக்குக் கோடாலித் தைலம்கூடத் தேய்த்துவிட்டாள்.

"ஏங்க, இந்தச் சட்டம் ஒங்களுக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும் ஒன்னுதான். நாள் முழுக்க ஒரே அசைவு. அதான் கணக்கு."

"தொரை கையெழுத்து இருந்தா செல்லும்?"

"கல்லுல வெட்டுன மாதிரி."

"எனக்குப் பிரதி ஒன்னு வேணுங்க. நம்ம வீட்டுக்காரரு அடிச்சதுன்னு நாலு பேருகிட்ட பெருமையா காட்டலாம்ல."

பெருமை என்ற சொல் காதில் விழுந்தால் எனக்குப் புத்தி அவிந்துவிடும். அவள் ஒன்று கேட்டாள். நான் ஆபீஸ் ரோனியோ மெஷினில் இருபது பிரதி சுற்றி, புதன்கிழமை கொண்டுவந்து கொடுத்தேன்.

வியாழன் காலை ஒன்பதரைக்கு வீரய்யா கங்காணி ஆபீசுக்குள் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"கிளாக்கரையா, மலையில பொம்பளைங்க எழுபது பேரும் ஒரே நேரத்துல கைய ஒதறுறாங்க. சாமி வந்துருச்சுன்னு நெனச்சேன். அடிக்கிறதுக்கு வேப்பிலை தேடுனா எங்க பாத்தாலும் தேயிலைதான் இருக்கு."

"அப்புறம்?"

"கைய ஒதறிட்டு எல்லாரும் தூரத்து மலையப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. ஏன்னு கேட்டா ஒங்க சம்சாரம் காலையில பேரு கூப்புடுறப்ப பெரட்டுக்களத்துல வாசிச்ச கடுதாசியக் காட்டுறாங்க."

துரை காதுக்கும் போய்விட்டது. எதிரே போய் நின்றேன். கள்ளக் கடுதாசி அடித்தவனுக்குத் தோட்டத்தில் வேலை கிடையாது.

"கொழும்புக்காரன் எழுதினதத்தானே தமிழ்ல அடிச்ச?"

"ஒரு சொல்லுகூடக் கொறையலங்க, தொரை."

குறையவில்லை. அது சத்தியம்.

"அப்ப விடு" என்றார். உயிர் திரும்பி வந்தது.

சாயந்தரம் ஐந்தரைக்குப் பவுலின் வந்தாள். கூடையை இறக்கினாள். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். துருவப்படாத தேங்காய் நடுவில் இருந்தது.

"துருவலியா?" என்றேன்.

"ஆசதான். ஒன்பதாவது சட்டம் விட மாட்டேங்குதே."

"அது என் கைக்குப் போட்ட சட்டம்."

"ஒங்க கை எட்டு மணிக்கு ஆரம்பிச்சு நாலு மணி வரைக்கும் தட்டுது. என் கை ஏழு மணிக்கு ஆரம்பிச்சு அஞ்சு மணி வரைக்கும் கிள்ளுது. அதுவும் மழையில. எது நாள் முழுக்கங்க?"

"ரெண்டு கையும் நோவுதுன்னா சாப்பாட்டுக்கு என்னா செய்யிறது?"

"கொறைச்சலா நோவுற கை துருவட்டும். இல்லாட்டி தொரை பங்களாவுக்குப் போங்க. ஒன்பதாவது பிழைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. நானே துருவித் தாரேன்."

பங்களா இருந்த மேட்டைப் பார்த்தேன். தேங்காயைப் பார்த்தேன். தேங்காய் பக்கத்தில் இருந்தது.

துருவிக்கொண்டிருக்கையில் வாசலில் நிழல் தட்டியது. பக்கத்து வீட்டுக் கந்தப்பன். முழங்கை வரைக்கும் மா. அவனுக்குப் பின்னால் எங்கள் வரிசை வீட்டு லயம் முழுக்க ஆம்பிளைகள் குடமும் கையுமாகப் பீலிக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.

"கிளாக்கரையா, கொழும்புல எந்த வீணாப்போனவன் இந்த ஒன்பதாவத எழுதுனது?"

"தெரியல கந்தப்பா. பெரிய எடத்து ஆளா இருக்கும்."

"கையில கெடைச்சா அவன் மணிக்கட்ட முறிச்சிருவேன்."

"முறிக்கணும்" என்றேன். பவுலின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

ரொட்டி சுட்டு முன்னால் வைத்தேன். ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, நிதானமாக மென்றாள்.

"அந்தக் கொழும்புக்காரரு ஒங்களுக்கு ரொம்ப நெருக்கம் போல இருக்கு. மாவுக்கு உப்புப் போடணும்னு பத்தாவதா ஒன்னு எழுதச் சொல்லுங்க."