பதினேழாம் எண் இதயம்

பெண்டாட்டி தன்னை ஏறெடுத்துப் பார்க்க வேண்டும். பார்க்க வைத்தே தீருவது. இந்த வைராக்கியத்தோடுதான் பிழைதிருத்தி அன்றைக்குப் படுக்கையை விட்டு எழுந்தார்.

அவளைக் குறை சொல்லவில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் பெரிய பொறியாளர். அரிசி அளவில் ஒரு சென்சார் செய்கிறாள். இதயத்துக்குப் பக்கத்து ரத்தக் குழாயில் அதை வைத்துவிட்டால், நோயாளி பாட்டுக்கு வீட்டில் இருப்பார். அவருடைய ரத்த அழுத்தமும் துடிப்பும் இவள் திரையில் வந்து நிற்கும். நல்ல காரியம்தான். ஆனால் காலை எட்டு மணிக்குப் போனால் திரும்பவும் எட்டு மணிக்குத்தான் தலை தெரியும். வந்தாலும் வாயைத் திறந்தால் குழாய், அழுத்தம், அலை.

அவரோ வீட்டிலேயே உட்கார்ந்து, அச்சுக்குப் போகும் புத்தகங்களில் கொம்பும் காலும் சரிபார்க்கிறவர். நாள் முழுக்க லட்சம் எழுத்துகள் அவரைப் பார்க்கும். பார்க்க வேண்டிய முகம் மட்டும் பார்க்காது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆகியும், அவள் காலடிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார். ஏக்கத்துக்கு வயசா இருக்கிறது?

சென்சார் வைத்துப் பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று அவள் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். பிழைதிருத்திக்கு யோசனை உதித்துவிட்டது. மூன்று வருஷம் முன்னால் அவருக்கு இதயத்தில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அன்றைக்குச் சபித்த அடைப்பை இன்றைக்கு மெச்சிக்கொண்டார்.

அவள் ஒரு வாரம் மாநாட்டுக்குப் போன சமயம் பார்த்து, அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிட்டார். ஆய்வுக்குழுவில் உங்களுக்கு நெருங்கிய உறவு யாராவது உண்டா என்று படிவம் கேட்டது. யோசித்தார். நெருங்கி எவ்வளவு நாளாச்சு? மனசாட்சி உறுத்தாமல் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தொடை வழியாகக் குழாய் விட்டு சென்சாரை வைத்தார்கள். தகவல் அனுப்பும் சின்னப் பெட்டியை வீட்டில் அகராதிக்குப் பின்னால் ஒளித்தார். இனிமேல் நாள் முழுக்க அவள் கண் நம்மேல்தான் என்று பூரித்துப்போனார்.

ஒரே ஒரு சிக்கல். ஆய்வில் பேர் கிடையாது, எண்தான். அவர் பதினேழு.

பத்தே நாளில் அவள் சாப்பாட்டு மேசையில் பதினேழின் புகழ் பாட ஆரம்பித்தாள். பதினேழின் அலை எவ்வளவு அழகு, பதினேழின் துடிப்பில் என்ன நிதானம். எதிரே ஒருவர் காலித் தட்டோடு உட்கார்ந்திருப்பது கண்ணில் படவில்லை. பிழைதிருத்திக்கு வயிறு எரிந்தது. யார்மேல் பொறாமை? தன்மேலேதான். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் தவித்தார்.

அப்புறம் ஓர் அதிசயம் நடந்தது. திங்கட்கிழமை அவள் ஐந்து மணிக்கே வந்தாள். செவ்வாய் மூன்று மணிக்கு. புதன் மத்தியானச் சாப்பாட்டுக்கே வந்துவிட்டாள். வந்ததும் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். பிழைதிருத்திக்குத் தலைகால் புரியவில்லை. வியாழன் காலையில் முகம் மழித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, வேலையைத் தொடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு வந்தாள். நேராகப் போய், வரிசையை விட்டுத் துருத்திக்கொண்டிருந்த அகராதியை நகர்த்தி, பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“பதினேழு நீங்கதானே?”

கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர் எப்படித் தெரிந்தது என்று மட்டும் கேட்டார்.

“தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் பதினேழோட துடிப்பு எகிறியிருக்கு. என்ன கோளாறுன்னு புரியாம மண்டையை உடைச்சுக்கிட்டேன். கடைசியிலதான் உறைச்சது. அது நான் கதவைத் திறக்கிற நேரம்.”

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? இருபத்தாறு வருஷமாகச் சொல்லாததை அவர் சொல்லிவிட்டார். “உனக்காகத்தான் காத்துக்கிட்டே இருக்கேன். எப்படியாவது நீ என்னைப் பார்க்கணும்னுதான் இவ்வளவும்.”

அவள் கண் கலங்கிவிட்டது. அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கையைப் பிடித்தாளா, நாடி பிடித்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை. பொய் எழுதிக் கொடுத்ததற்கு நன்றாகத் திட்டினாள். பதினேழை ஆய்விலிருந்து எடுத்தாயிற்று, இனி உங்களை டாக்டர்தான் கவனிப்பார் என்றாள்.

“எடுத்தா எடுத்துட்டுப் போகட்டும்,” என்றார் பிழைதிருத்தி. “நாலு நாளா வேலையைப் போட்டுட்டு என்னைத் தேடி ஓடி வந்தியே, அது போதும் எனக்கு.”

“அதுவா?” என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “நேரத்தை மாத்தி மாத்தி வந்தாலும் துடிப்பு எகிறுதான்னு பார்க்க வேண்டாமா? எகிறுது, உறுதியாயிடுச்சு. நாளையிலேர்ந்து பழையபடி எட்டு மணிதான்.”