முழுச் சவரத் தீர்மானம்

நெருப்பைக் கண்டுபிடித்தவனையும் சக்கரத்தைக் கண்டுபிடித்தவனையும் உலகம் ஓயாமல் புகழ்கிறது. முதன்முதலாகத் தன் நெஞ்சைத் தானே சிரைத்துக்கொண்ட ஆண்மகனைப் பற்றி எங்கேயாவது ஒரு வரி உண்டா? கிடையாது. இந்த வரலாற்று அநீதியைத் துடைப்பதற்காகவே எங்கள் விஸ்கான்சின் சிற்றூரில் 'ஐம்பது கடந்த ஆண்கள் நீச்சல் சங்கம்' தோன்றியது என்பது என் தாழ்மையான கருத்து.

சங்கத்தில் நாங்கள் நான்கு பேர். தலைவர் கிரெய்க் ஹால்வர்சன், காப்பீட்டு முகவர். டுவெய்ன், தபால்காரர். நோர்பர்ட் ஜெலின்ஸ்கி, கூரை போடுகிறவர். செயலாளர் நான். மாவட்டப் போட்டியில் வருஷா வருஷம் நோர்பர்ட் முதலில் வருவார். டுவெய்னும் நானும் அவர் பின்னால். நான்காவது நம் தலைவர். நான்காம் இடத்துக்கும் பதக்கம் தரும் அளவுக்கு எங்கள் மாவட்டம் இன்னும் முன்னேறவில்லை.

இந்த வருஷம் போட்டிக்கு முந்தைய வாரம் தலைவர் ஒரு பெட்டி பீருடனும் ஒரு தீர்மானத்துடனும் வந்தார். பெரிய போட்டி என்றால் கல்லூரி நீச்சல் பையன்கள் கழுத்துக்குக் கீழே ஒன்று விடாமல் வழித்துவிடுவார்களாம். நாமும் வழித்தாக வேண்டும் என்றார்.

"முடி தண்ணியில இழுக்குதுப்பா. வேகம் குறையறதே அதனாலதான்."

எல்லோரும் நோர்பர்ட்டைப் பார்த்தோம். அவர் கவரிமான் பரம்பரை. அவர் உடம்பில் மயிர் எங்கே முடிகிறது, கம்பளிச் சட்டை எங்கே ஆரம்பிக்கிறது என்பது அவர் மனைவிக்கே சரியாகத் தெரியாது.

"எனக்குத் தோல் தாங்காது தலைவரே," என்றார் நோர்பர்ட். "முகத்தை வழிச்சாலே பொரிப்பொரியா கிளம்பிடும். இந்தத் தடவை என் பொண்ணு அரிசோனாவுலேர்ந்து வர்றா. நான் நீந்தறதை அவ பாத்ததே இல்ல. என்னை மட்டும் விட்டுடுங்களேன்."

"பொண்ணு வர்ற நேரத்துல அப்பன்காரன் கரடி மாதிரியா நிக்கணும்?" என்றார் டுவெய்ன்.

"சங்கம் பெருசா, உன் நெஞ்சு பெருசா? அதைச் சொல்லு முதல்ல," என்றார் தலைவர்.

ஜனநாயகத்தில் மயிரிழைக்கும் ஓட்டெடுப்பு உண்டு. மூன்றுக்கு ஒன்று. தீர்மானம் நிறைவேறியது.

வியாழக்கிழமை மாலை தலைவருடைய கார் கொட்டகையில் விழா நடந்தது. நோர்பர்ட்டின் முதுகில் நான் இடப் பக்கம், டுவெய்ன் வலப் பக்கம். வாரா வாரம் புல்வெட்டிய அனுபவம் கைகொடுத்தது. பிறகு டுவெய்னும் நானும் ஒருவரையொருவர் வழித்துக்கொண்டோம். "கீழேர்ந்து மேல வழிங்கப்பா, அப்பத்தான் மழமழன்னு வரும்," என்று தலைவர் பீரும் கையுமாக நின்று வழிகாட்டினார். கடைசியில், முகத்துக்குப் போடும் சவர லோஷனை எங்கள் மூவருடைய உடம்பிலும் தாராளமாகக் கொட்டினார். நோர்பர்ட் எட்டிப் பிடித்த சுருதியை அடுத்த தெரு நாய் ஒன்று வெகு நேரம் தொடர்ந்து பாடியது.

"நீங்க எப்போ தலைவரே?" என்று கேட்டேன்.

"நான் வீட்டுக்குள்ள போய் பண்ணிக்கறேன். தலைவன்னா ஒரு கௌரவம் இருக்குல்ல."

அதுவும் நியாயம்தான். மரியாதையாக வீடு திரும்பினோம்.

மறுநாள், வெள்ளிக்கிழமைதோறும் ஊரார் கூடும் மீன் வறுவல் விருந்தில் நான் தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். எருமைக்கும் எனக்கும் கொம்பு ஒன்றுதான் வித்தியாசம். நோர்பர்ட்டைக் காணோமே என்று போன் செய்தேன். அவர் மனைவி ஆர்லீன் எடுத்தார்.

"அந்த மனுஷன் அரிப்பு அடங்க உடம்பெல்லாம் ஓட்ஸ் கஞ்சியைப் பூசிக்கிட்டு சமையக்கட்டுல உட்கார்ந்திருக்காரு. உங்க சங்கத்துல ஒரு பொம்பளையைச் சேர்த்திருந்தா இந்தக் கூத்து நடந்திருக்குமா?"

பெண்களைச் சேர்ப்பது பற்றிப் பரிசீலிப்பதாகச் சொல்லி வைத்தேன்.

சனிக்கிழமை, போட்டி நாள். குளக்கரையில் நாங்கள் மூவரும் சட்டையைக் கழற்றினோம். குளத்து மேலாளர் ஜாய்ஸ் பாம்கார்ட்னர் அம்மாள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எங்களைச் சுற்றி வந்தார். மூன்று முதுகிலும் சிவப்புக் கொப்புளங்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் சீழ் வைத்து, ஒரே சீருடைபோல.

"யாரும் தண்ணியில இறங்கக் கூடாது."

"தொத்து வியாதி இல்லம்மா, வெறும் சவரம்," என்றேன்.

"சவரமோ சொறியோ. 'புண், கொப்புளம் உள்ளவர்கள் இறங்கக் கூடாது'ன்னு பலகையில போட்டிருக்கு. இத்தனை வருஷமா அதுலதானே துண்டைத் தொங்கவிடறீங்க?"

நோர்பர்ட்டின் குரல் இறங்கிவிட்டது. "என் பொண்ணு மேல படிக்கட்டுல உட்கார்ந்திருக்கா. ஒரே ஒரு தடவை எதிர்க்கரையைத் தொட்டுட்டு வந்துடறேனே."

"நான் என்னப்பா செய்யட்டும்?" என்றார் அம்மாள். " அவளைப் பாத்து கையாவது ஆட்டு."

நோர்பர்ட் கை ஆட்டினார். மேலே அவள், விஷயம் தெரியாமல், எழுந்து நின்று கைதட்டினாள். எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் பொதுக்காரியம் என்று வந்துவிட்டால் தனி மனிதர் துக்கத்தைப் பார்க்க முடியுமா?

அப்போதுதான் தலைவர் தம் மேலங்கியைக் கழற்றினார். நெஞ்சு நிறைய, அடிவயிறு வரை, ஒரு மயிர்கூடக் குறையவில்லை.

"நீங்க வழிக்கலையா?" என்றார் நோர்பர்ட்.

"ஒப்பிட்டுப் பாக்க ஒருத்தனாவது அப்படியே இருக்கணும்லப்பா. இது அறிவியல்."

அம்மாள் அவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கச் சொன்னார். தலைவர் நீந்தினார். வாழ்க்கையில் முதல் தடவையாக முதலில் வந்தார். கழுத்தில் போட்ட பதக்கம் நெஞ்சு முடியில் சிக்கிக்கொண்டது. எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

போட்டி முடிந்ததும் வாகன நிறுத்துமிடத்திலேயே அவசரக் கூட்டம் கூட்டினார். "பாத்தீங்கல்ல? வேகத்தைக் குறைக்கறது முடிதான். என் கொள்கை ஜெயிச்சுடுச்சு. அடுத்த வருஷமும் இதையே தொடரணும்." செயலாளர் என்ற முறையில் நன்றித் தீர்மானத்தை நான் முன்மொழிந்தேன். டுவெய்ன் கைதட்ட ஆரம்பித்து, பாதியில் சொறியப் போய்விட்டார்.

நோர்பர்ட், மகள் தோளைப் பிடித்துக்கொண்டு, சட்டை முதுகில் படாதபடி முன்னால் குனிந்து நின்றிருந்தார்.

"வாஸ்தவம் தலைவரே," என்றார். "இத்தனை வருஷமா உங்க வேகத்தைக் குறைச்சது எங்க முடிதான்."