கொய்யாப்பழம் அனுப்புவதை உடனே நிறுத்தவும்

ஒன்பது வருடமாக என்னோடு பேச்சுவார்த்தை இல்லாத என் கூடப்பிறந்த தங்கைக்கு அக்கா எழுதுவது. இங்கே என் ஈறுகளைத் தவிர எல்லாரும் சுகம். உன் சுகத்தை நான் விசாரிக்கவில்லை. விசாரித்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதே.

நிற்க. போன மாதம் பல் விளக்கும்போது ரத்தம் வந்தது, கட்டில் கால் இடித்த காயமும் பத்து நாளாகியும் ஆறவில்லை, மருமகள் என்னைத் தரதரவென்று டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா என் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பழமே சாப்பிடறதில்லையா? வைட்டமின் சி ரொம்பக் குறைச்சல்" என்றாள். "எலுமிச்சம்பழத்தை விட்டு ஒன்பது வருஷம் ஆச்சு, அந்தக் கோவத்துல மத்த பழத்தையும் விட்டாச்சு" என்றேன். "ஏன், ஒத்துக்கலையா?" "பழம் ஒத்துக்கும், தங்கச்சிதான் ஒத்துக்கலை" என்றேன். காரணம் உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்: என் பேத்தியின் முதல் பிறந்தநாள், சனிக்கிழமை, கூடத்தில் பதினான்கு பேர், நீ ஊதாச் சேலை. நான் பிழிந்து கொடுத்ததை ஒரு வாய் குடித்துவிட்டு, "அக்கா, இது எலுமிச்சம்பழ ஜூஸா, எலுமிச்சம்பழம் கழுவின தண்ணியா?" என்றாய். பதினான்கு பேரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அவருக்கு அன்றைக்கே தனியாகக் கொடுத்துவிட்டேன்.

டாக்டரம்மா விடவில்லை. புண் ஆறவும், ஈறு கெட்டிப்படவும், கீரையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் ஒட்டவும் இந்த வைட்டமின் சிதான் வேண்டுமாம். நான் காயை ஒரு மணி நேரம் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டுவதைக் கேட்டு, "சத்தையெல்லாம் சாக்கடைக்கு ஊட்டியிருக்கீங்க" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அதோடு விட்டாளா? "இதை உடம்பு சேத்து வெச்சுக்காதும்மா, அன்னன்னைக்குச் சாப்பிடணும்" என்றாள். பதினான்கு பேரின் சிரிப்பைச் சேர்த்து வைத்திருக்கிற உடம்புக்கு ஒரு துண்டுப் பழத்தைச் சேர்த்து வைக்க வக்கில்லை!

எலுமிச்சை தொடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். மருமகள், "சரி அத்தை, ஆரஞ்சைவிடக் கொய்யாவுலதான் அதிகமாம், மார்க்கெட்ல வாங்கினேன்" என்று தினம் ஒன்று நறுக்கி வைத்தாள். தின்றேன். ரத்தம் நின்றது, காயம் மூடியது. நேற்று அடுப்படிக் கதவுக்குப் பின்னால் பார்த்தால் ஒரு துணிப்பை. என் பச்சைச் சேலையைக் கிழித்து நான் தைத்தது, மூலையில் மஞ்சள் நூல், அந்தப் பிறந்தநாளன்று மீந்த கேக்கை எடுத்துப்போக நீ வாங்கி இன்றுவரை திருப்பித் தராத பை! "இது எந்த மார்க்கெட்டுடி?" என்றேன். "சின்னத்தை வீட்டு மரம், அத்தை. அவங்கதான் சொல்ல வேணாம்னாங்க" என்று முழித்தாள்.

ஆக, மூன்று வாரமாக என்னை ஏமாற்றித் தேற்றியிருக்கிறீர்கள். இனி உன் மரத்துக் கொய்யா ஒன்றுகூட இந்த வாசற்படி ஏறக் கூடாது.

உன் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் முழு ஆசீர்வாதம். உனக்கு, மூத்தவள் என்கிற முறைக்காக, பாதி.

இப்படிக்கு,
எதையும் மறக்காத அக்கா

பி.கு.: முதல் நாள் முதல் கடியிலேயே எனக்குத் தெரியும். அந்தக் கன்றை உன் கொல்லையில் நட்டவளே நான்தானே! அந்தச் சிவப்பும் அந்த வாசனையும் எந்த மார்க்கெட்டில் கிடைக்கும்? வாயை மூடிக்கொண்டு தின்றேன். பையை இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். நிரப்பி, நீயே எடுத்துக்கொண்டு வா. உனக்கு மட்டும் இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்து வைக்கிறேன். அன்றைக்குப் பதினான்கு பேருக்கும் சேர்த்தே இரண்டுதான் பிழிந்தேன்.