சந்தனப் பொட்டு வைத்த செருப்பு

ஒரு காட்டில் ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. காட்டில் எதற்கு மண்டபம் என்று கேட்கக்கூடாது. கல்யாணம் நடக்கிற இடத்தில் மண்டபம் இருக்கும், மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சமையற்கட்டு இருக்கும். கதை நடந்தது அந்தச் சமையற்கட்டில்தான்.

அங்கே சாம்பார் வாளி தூக்குகிற வேலை கொம்பாயிக்கு. கொம்பாயி ஒரு வரையாடு. காட்டுக்கு மேற்கே நெட்டுக்குத்தாக நிற்கிற பாறையின் உச்சியில், பார்த்தாலே தலைசுற்றுகிற ஒரு விளிம்பில், அவள் வீடு. வீட்டில் பால்குடி மறக்காத ஒரு குட்டி. விடிந்ததும் இறங்கி வருவாள், பொழுது சாய்வதற்குள் ஏறிப் போய்விடுவாள். கூலி, நாளுக்கு ஒரு கட்டி கல்லுப்பு. மலையில் புல் உண்டு, தண்ணீர் உண்டு, காற்று வேண்டிய மட்டும் உண்டு. உப்புதான் கிடையாது. உப்பு நக்காத குட்டி நோஞ்சானாகப் போய்விடுமே என்றுதான் அவள் வாளி தூக்க வந்தாள்.

அப்பேர்ப்பட்ட பாறையில் ஓடி இறங்குகிறவள், வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் சமதரையில் விழுந்தாள்.

தரை அப்படி. மண்டபத்து மேனேஜர் நரியார், குனிந்தால் தன் முகம் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பளபளவென்று டைல்ஸ் போட்டிருந்தார். முகம் தெரிந்தது. அதன் மேல் வடைச்சட்டியிலிருந்து தெறித்த எண்ணெயும், அரிசி களைந்த தண்ணீரும், பொங்கி வழிந்த பருப்பும் கிடந்தன. வாளி ஒரு பக்கம் போனது, கொம்பாயி ஒரு பக்கம் போனாள், சாம்பார் எல்லாப் பக்கமும் போனது.

"பாறையில நிக்கிற கால் இங்க ஏன் நிக்கலன்னு பாக்குறியா?" என்று கேட்டது சுவர்ப் பல்லி. கூரையிலேயே தலைகீழாகக் குடித்தனம் நடத்துகிற பிராணி. பிடிமானத்தைப் பற்றி அதற்குத் தெரியாதது கிடையாது. "பாறை சொரசொரன்னு இருக்கும், உன் குளம்பு அதைத் தொடும். இங்க நீ தரையைத் தொடவே இல்ல புள்ள. நடுவுல எண்ணெய் ஏடு மாதிரி படிஞ்சு கிடக்கு. நீ நிக்கிறது எண்ணெய் மேல. எண்ணெய் எங்கயாவது நிக்குமா?"

கொம்பாயி பதில் சொல்வதற்குள், தலைமைச் சமையற்காரரான கரடி மாஸ்டர் கரண்டியை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். "பல்லி சொல்லுச்சே, எந்தப் பக்கம்?"

தென்கிழக்கு என்றார்கள். நரியார் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். தென்கிழக்கில் பல்லி சொன்னால் விருந்தாளி வருவார்களாம். மாஸ்டர் உலையில் இன்னும் இரண்டு படி அரிசி போட்டார். எண்ணெயைப் பற்றி யாரும் பேசவில்லை. பாவம், அந்தப் பல்லியின் பிழைப்பே அப்படித்தான். எங்கிருந்து சொன்னது என்று எல்லோரும் கேட்டார்கள், என்ன சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை.

விழுந்தவர்கள் நரியாரிடம் ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும், மூன்று பிரதி. விழுந்தவர் பெயர். விழுந்த நேரம். விழ வேண்டும் என்ற எண்ணம் முதலில் எப்போது தோன்றியது. விழுவதற்கு முன் அனுமதி பெறப்பட்டதா. கொம்பாயி கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினாள். அனுமதியில்லாமல் விழுந்ததற்காக அன்றைய உப்பில் பாதி நின்றது.

உப்பு போனதுகூட அவளை அவ்வளவாக உறுத்தவில்லை. பின்வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த புள்ளிமானைப் பார்த்தபோதுதான் தன் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். அவளுக்கு முன்னால் வாளி தூக்கியது அந்த மான்தான். ரசம் சிந்திய இடத்தில் சறுக்கி, முன்னங்கால் ஒடிந்து, கட்டுப்போட்டும் கோணலாகத்தான் சேர்ந்தது. மானுக்கு வீடு மண்டபத்துக்கு அடுத்த புதர். நொண்டியாவது போய்ச் சேர்ந்துவிடும். தனக்கு ஒரு கால் போனால்? மூன்று காலில் அந்தப் பாறை ஏறிய வரையாடு இதுவரை கிடையாது. மேலே குட்டி, கீழே அவள். கூப்பிட்டால் காதில் விழும், போகத்தான் முடியாது.

மான் விழுந்த செய்தி மெல்ல மெல்ல மேலிடத்துக்குப் போய், ஒரு வழியாகப் பாதுகாப்பு அதிகாரி கொக்கு வந்து இறங்கினார். ஒற்றைக்காலில் நின்று தரையை உற்றுப் பார்த்தார். எல்லோருக்கும் வழுக்காத செருப்பு கொடுக்க உத்தரவு போட்டார்.

உத்தரவில் ஆளுக்கு ஒரு ஜோடி என்று இருந்தது. இரண்டு ஜோடி வேண்டுமென்றால், நான்கு கால்கள் உடையவர் என்பதற்கு ஆமையிடம் சான்று வாங்கி வரவேண்டும். ஆமை கையெழுத்தின் முதல் எழுத்தைத் திங்கட்கிழமை போட்டார், கடைசி எழுத்தை வெள்ளிக்கிழமை போட்டார். அதுவாவது பரவாயில்லை. பாத்திரம் கழுவுகிற மரவட்டை வரிசையில் எல்லோருக்கும் முன்னால் நின்றுவிட்டது. அதற்குக் கொடுத்து முடித்து அடுத்த ஆளைக் கூப்பிடும்போது ஆடி போய் ஆவணி வந்துவிட்டது.

கடைசியில் கொம்பாயிக்கும் நாலு செருப்பு கிடைத்தது. பல்லி வாசல் சுவரிலிருந்து இறங்கி வந்து, ஒன்றைப் புரட்டிப்போட்டு அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்தது.

"நல்ல சாமான்" என்றது. "மெத்துன்னு ரப்பர். இந்தக் கீறல் இருக்கு பாரு, அழகுக்குப் போட்டதில்ல, வாய்க்கா. நீ காலை ஊனுறப்ப எண்ணெய் பிதுங்கி வாய்க்கா வழியா வெளிய ஓடிரும். மிச்சம் இருக்குற மேடு தரையைத் தொட்டுக் கவ்விக்கும். வாய்க்கா அடைபடாம மட்டும் பாத்துக்க. அடைஞ்சா இதுவும் மொழுக்குன்னு ஆயிரும்."

"வடக்கு" என்றார் மாஸ்டர். நரியார் பஞ்சாங்கத்தை எடுக்கப் போனார்.

மறுநாள் காலையில் கொம்பாயி புதுச் செருப்போடு வந்தாள். காய்ந்த மண்பாதையில் நடந்துபார்த்தாள், புல்லில் நடந்துபார்த்தாள். எங்கேயும் வழுக்கவில்லை. மனசுக்குள் ஒரே பெருமை. சமையற்கட்டு வாசலுக்கு வந்தாள். வந்தவள் நாலையும் கழற்றி, ஓரமாக வரிசையாக வைத்துவிட்டு, வெறுங்குளம்போடு உள்ளே போனாள்.

யாரும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. அடுப்பு எரிகிற இடத்துக்குள் செருப்போடு நுழைய அந்தக் காட்டில் ஒரு காலும் துணியாது. மாஸ்டர் கழற்றிவிட்டுப் போனார். நரியார் கழற்றிவிட்டுப் போனார். மரவட்டை கழற்றி முடிப்பதற்குள் மதியப் பந்தியே முடிந்துவிட்டது.

உள்ளே வழக்கம்போல் விழுந்தார்கள். வெளியே கொக்கு வந்து வாசலில் இருந்த செருப்புகளை எண்ணிப் பார்த்து, ஒன்றும் குறையவில்லை என்று திருப்திப்பட்டார். செருப்பு அணிந்த நிலையில் இதுவரை ஒருவரும் விழவில்லை என்று அறிக்கை எழுதினார். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

அந்த வாரம் கொம்பாயி மறுபடியும் விழுந்தாள். முட்டி தரையில் மோதியது. சாயங்காலம் பாறை ஏறும்போது, எப்போதும் ஒரே தாவில் தாண்டுகிற பிளவுக்கு முன்னால் முட்டி மடங்கியது. மேலே குட்டி அவளைப் பார்த்துவிட்டுக் கத்துகிறது. இவள் தாவலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் தாவினாள். நூலிழையில் விளிம்பைப் பிடித்தாள். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள்.

காலையில் மாஸ்டரிடம் போய், சமையற்கட்டுக்குள் மட்டும் போட்டுக்கொள்ள தன் நாலு செருப்பையும் தனியாக வைத்துக்கொள்ளலாமா, இனிமேல் அது வெளியே மண்ணையே மிதிக்காது என்று கேட்டாள்.

"மண்ணை மிதிக்கலன்னா அது செருப்பு இல்லன்னு ஆயிருமா தாயி? அடுப்புல லட்சுமி இருக்கா."

"ஆயுத பூஜைக்கு அரிவாமனைக்குப் பொட்டு வைக்கிறோம்ல மாஸ்டர். கிரைண்டருக்கு வைக்கிறோம். குப்பை அள்ளுற வண்டிக்கே மாலை போடுறோம். இதுவும் நம்மகூட வேலை செய்யிற சாமான்தான?"

மாஸ்டர் நல்லவர். நியாயத்தை நியாயம் என்று ஒத்துக்கொள்கிற மனசு. தாடியைச் சொறிந்துகொண்டே நெடுநேரம் யோசித்துவிட்டு, சரிதான் தாயி, நீ சொல்றதுல குத்தமில்ல என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவரே முன்னின்று செய்தார். நாலு செருப்பையும் மஞ்சள் தண்ணீரில் கழுவினார். பலகையில் வைத்தார். குழைத்த சந்தனத்தை மேலே கீழே என்று பார்க்காமல் தாராளமாக அப்பி, குங்குமம் வைத்து, சாமந்திப்பூ சாத்தி, கற்பூரம் காட்டினார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கொம்பாயி சந்தோஷமாக முன்னங்காலை நீட்டினாள்.

மாஸ்டர் பதறிப்போய் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டார். "என்ன காரியம் பண்ணுற? சாமியில கொண்டுபோயி காலை விடுவியா?"

ஆக, செருப்பு சமையற்கட்டுக்குள் வந்துவிட்டது. அடுப்புக்கு எதிரே உயரமான மாடத்தில் ஏறி உட்கார்ந்தும்விட்டது. அன்றிலிருந்து எல்லோரும் காலையில் செருப்பை விழுந்து கும்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். அப்புறம் சும்மாவும் விழுந்தார்கள்.

இப்படி இருக்கும்போது காட்டெருமை வீட்டுக் கல்யாணம் வந்தது. வந்த கூட்டமெல்லாம் காட்டெருமைகள். ஒவ்வொருத்தரும் மூன்று இலைச் சாப்பாடு சாப்பிடுகிற ஆகிருதி. முதல் பந்தி உட்கார்ந்ததும் உள்ளே ஒரு டின் நெய் கவிழ்ந்தது. மாஸ்டர் அவசரத்தில் அதன்மேல் ஒரு அண்டா வெந்நீரை எடுத்து ஊற்றிவிட்டார்.

"வெந்நி ஊத்தாதீங்கய்யா, நெய் இன்னும் பரவும். உமியைப் போட்டு அள்ளுங்க" என்றது பல்லி.

"மேற்கு" என்றார் மாஸ்டர், நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

நெய் மூலைமுடுக்கெல்லாம் பரவியது. கொம்பாயி கொதிக்கிற சாம்பார் வாளியோடு ஓரத்தில் நின்றாள். எதிரே வாசல். வாசலுக்கும் அவளுக்கும் நடுவே இருபதடி தூரம் தரை கண்ணாடி மாதிரி மின்னியது. பந்தியில் சாம்பார், சாம்பார் என்று முழக்கம். அவளுக்கு அது கேட்கவில்லை. பிளவுக்கு மேலே நின்று கத்திய குரல்தான் கேட்டது.

வாளியை வைத்தாள். மாடத்தைப் பார்த்து, மன்னிச்சுக்க சாமி என்றாள். நாலையும் இறக்கினாள். புரட்டிப் பார்த்தால், வாய்க்கால் முழுக்கச் சந்தனம் காய்ந்து இறுகிக் கிடக்கிறது. விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, கீறல் கீறலாகச் சுரண்டினாள். போட்டுக்கொண்டாள். வாளியைத் தூக்கிக்கொண்டு நெய்யில் முதல் காலை வைத்தாள்.

கால் வைத்த இடத்திலேயே இருந்தது. ரப்பர் தரையைப் பிடிப்பது குளம்பு வரைக்கும் தெரிந்தது, பாறையைப் பிடிக்கிற மாதிரியே. இரண்டாவது காலை வைத்தாள். அப்புறம் நடந்தாள். அப்புறம் ஓடினாள். பந்திக்கும் அடுப்புக்கும் பன்னிரண்டு நடை, ஒரு சொட்டு சிந்தவில்லை.

மற்றவர்கள் கதை வேறு. மாஸ்டர் பாயசக் குண்டானோடு கிழக்கு மூலை வரை போய்ச் சேர்ந்தார். யார் விழுந்தது என்று பார்க்கப் படிவத்தோடு வந்த நரியார் அவர் மேலேயே விழுந்தார். விருந்துக்கு வந்திருந்த கொக்கு, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, இருந்த ஒரு காலில் உள்ளே வந்து, அதையும் விட்டார். கணக்குப் பார்த்தால் பதினோரு பேர். சமையற்கட்டில் நின்றுகொண்டிருந்தது கொம்பாயி மட்டும்தான்.

நரியார் படுத்தபடியே பெயர் எழுதினார். பதினொன்று ஆனதும் தலையைத் தூக்கி, "உன்னை எதுல எழுதுறது?" என்றார். நின்றவர்களுக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை.

அப்போதுதான் மாஸ்டர் அவள் காலைப் பார்த்தார். மாடத்தைப் பார்த்தார். மறுபடி காலைப் பார்த்தார்.

"அதான பாத்தேன்" என்றார் மெதுவாக. "சாமியை மிதிச்சுக்கிட்டு நிக்கிறா. அதுதான் எங்க எல்லாரையும் தள்ளி விட்டிருக்கு."

கொக்கு கிடந்தவாறே ஆமோதித்தார். எல்லோரும் விழுந்த இடத்தில் ஒருவர் மட்டும் விழாமல் இருப்பது மிகவும் சந்தேகத்துக்குரியது என்றும், பொறுப்பை அவர் மேல் சுமத்த இடமிருக்கிறது என்றும் சொன்னார். நரியார் வேலையிலிருந்து நீக்கும் தாளைத் தேடினார். கொம்பாயி வாசல் வழியாக மலையைப் பார்த்தாள். நாலு காலும் மிஞ்சியது, உப்பு போகிறது. குட்டிக்கு என்ன சொல்வாள்?

"கொம்பாயி, விழு" என்றது பல்லி.

பதினோரு பேரும் கூரையை அண்ணாந்து பார்த்து, எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன சொன்னது என்று கேட்டவள் ஒருத்திதான். கொம்பாயி வாளியைப் பத்திரமாக இறக்கி வைத்தாள். முன்னங்கால் இரண்டையும் மடக்கினாள். பின்னங்கால்களை மடக்கினாள். வலிக்காமல் ஒருக்களித்துப் படுத்து, ஐயோ என்றாள்.

சமையற்கட்டே பெருமூச்சு விட்டது. "பாத்தீங்களா, தண்டனை கெடச்சிருச்சு" என்றார் மாஸ்டர். குரலில் கோபம் போய்ப் பாசம் வந்துவிட்டது. "அடி பலமா தாயி?"

நரியார் பன்னிரண்டாவதாக அவள் பெயரை எழுதிப் படிவத்தை நீட்டினார். முன் அனுமதி பெறப்பட்டதா என்ற இடத்தில் கொம்பாயி முதல்முறையாக 'ஆம்' என்று எழுதினாள். யாரிடம் என்று படிவம் கேட்கவில்லை. முறைப்படி விழுந்ததற்காக அவளுக்கு முழு உப்பும், மூன்று நாள் ஓய்வும் கிடைத்தன.

கொக்கு அறிக்கையைத் திருத்தினார். செருப்பு வருவதற்கு முன் நாளுக்கு ஒருவர் இருவர் விழுந்தார்கள். செருப்பு உள்ளே நடமாடிய ஒரே நாளில் பன்னிரண்டு பேர். ஆகவே செருப்பு வழுக்குகிறது. எல்லாவற்றையும் திரும்ப வாங்க உத்தரவானது. மரவட்டையிடம் இன்னும் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். கொம்பாயியின் நாலைத் தொட மட்டும் எல்லோருக்கும் பயம். தோஷம் பிடிச்சதை நீயே எங்கயாவது கண்காணாம போட்டுரு தாயி என்று சொல்லி அனுப்பினார் மாஸ்டர்.

அவள் செருப்பையும் உப்பையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனாள். பாதை திரும்புகிற இடம் வரைக்கும் நொண்டினாள். திரும்பியதும் நாலுகால் பாய்ச்சலில் பாறை ஏறி, பிளவை ஒரே தாவில் தாண்டினாள். குட்டி உப்பை நக்கிக்கொண்டிருந்தபோது அவள் செருப்பின் அடிப்பாகத்தை மட்டும் கடித்து எடுத்து, குளம்பின் அடியில் பிசின் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து பார்த்தால் வெறுங்குளம்புதான்.

இன்றைக்கும் அவள்தான் அங்கே சாம்பார் தூக்குகிறாள். வாரத்துக்கு ஒரு தடவை, எல்லோரும் பார்க்கிற நேரமாகப் பார்த்து, வாளியை இறக்கி வைத்துவிட்டு விழுகிறாளாம்.

நீதி: எல்லோரும் விழுகிற இடத்தில் நிற்க நேர்ந்துவிட்டால், ஒரு மரியாதைக்காவது கொஞ்சம் நொண்டுங்கள்.