கிரேன் அண்ணன் பார்த்துக் கொடுத்த ஏரி

எனக்கு அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு. எழுத்து கோணலாகப் போகும், சொல்ல வந்தது பாதியில் மறந்தும் போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்று மட்டும் பயமில்லாமல் சொல்வேன். எங்கள் ராயபுரம் தெருவில் பாதிக் கல்யாணம்தான் கோயிலில் நடக்கும். மீதிக் கல்யாணம் கிரேன் அண்ணன் வீட்டு மாடிப்படியில் நடக்கும்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பேர் என்னவென்று எனக்குத் தெரியாது. துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டினார். மேலே உட்கார்ந்து கீழேயே பார்த்துப் பார்த்துக் கழுத்து முன்னால் வளைந்தே நின்றுவிட்டது. ரிட்டயர் ஆன பிறகு தரையில் நின்று பேசினால் அவருக்கு யோசனை ஓடாதாம். மாடிப்படியின் உச்சியில் குந்திக்கொண்டுதான் யாரோடும் பேசுவார். நாம் கீழே நின்று அண்ணாந்து கேட்க வேண்டும்.

அந்தப் படியில் உட்கார்ந்து அவர் செய்தது ஒரே வேலை. புதுசாகக் கல்யாணமானவர்கள் ஹனிமூனுக்கு எந்த ஏரிக்குப் போகணும் என்று முடிவு பண்ணுவது. ஏரிதான். கடற்கரை என்று யாராவது வாயைத் திறந்தால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "கடலு நமக்கு ஆபீசு. கல்யாணம் கட்டிக்கினு எவனாவது ஆபீசுக்குப் போவானா?" என்பார். கொடைக்கானல் பக்கத்து ஏரி ஒவ்வொன்றின் படத்தையும் காலண்டரிலிருந்து வெட்டி அவர் சுவரில் ஒட்டியிருந்தார். ரொம்பப் பேசுகிற மாப்பிள்ளைக்கு செல்போன் எடுக்காத காட்டு ஏரி. சண்டைக்காரப் பெண்ணுக்குக் கூட்டம் நிறைந்த பெரிய ஏரி, நாலு பேர் எதிரில் கத்த முடியாது அல்லவா. எண்ணூரில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணை மட்டும் ஒரு நாள் மலையடிவாரத்தில் தங்கிவிட்டு மேலே போகச் சொன்னார். புகையிலேயே இருந்த நெஞ்சுக்கு ஒரேயடியாகச் சுத்தமான காற்றைக் காட்டினால் தாங்காதாம்.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பார் என்றால், அதற்கு ஒரு வாளி. வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, மாப்பிள்ளை ஒரு பக்கமும் பெண் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு பதினெட்டுப் படியும் ஏறி வரவேண்டும். யார் பக்கம் சிந்துகிறது, யார் யாரைத் திட்டுகிறார்கள், யார் நடுவில் நின்று சிரிக்கிறார்கள் என்று மேலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். கிரேன் ஓட்டினவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

நான் கூச்சக்காரி. அவர் வீட்டைத் தாண்டும்போதுகூடத் தலையைக் குனிந்துகொண்டு போவேன். என் மகள் ஸ்டெல்லா விஷயத்தில்தான் போய் நின்றேன்.

இரண்டு சம்பந்தம் பேசித் தட்டிப்போய் முப்பத்தொரு வயதில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை திருவொற்றியூரில் வெல்டிங் வேலை, தங்கமானவர். அவருடைய அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவர். அவர் ஒரு குரல் கொடுத்தால் நண்டு ஓடுவதை நிறுத்திவிடும். வீடு ஒன்றரை ரூம், ஆட்கள் ஆறு பேர். கல்யாணமாகி இரண்டு மாதத்தில் ஸ்டெல்லா பையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டாள். அடித்தார்களா என்று கேட்டேன், இல்லை என்றாள். திட்டினார்களா என்றேன், அதுவும் இல்லையாம்.

"அவரு கொரலே எனக்கு சரியா தெரிலம்மா. நாங்க ரெண்டு பேரும் தனியா ஒரு டீ குடிச்சதில்ல. ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு வழி தெரிலன்னா நான் திரும்பிப் போவ மாட்டேன்" என்றாள்.

கிரேன் அண்ணன் படியடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு ஆம்பளையிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசினது அன்றைக்குத்தான். அவர் சிரிக்கவில்லை. அவருக்குக் கல்யாணமானபோது அந்த வீட்டில் ஒன்பது பேராம். பொண்டாட்டி கன்னத்தில் மச்சம் இருப்பதையே மூன்றாம் மாதம்தான் பார்த்தாராம். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு அனுப்பினார், வாளி வந்தது.

ஸ்டெல்லாவும் மாப்பிள்ளையும் பதினெட்டுப் படியும் ஏறினார்கள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. நான் மாதாவுக்கு நன்றி சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டேன். கிரேன் அண்ணன் முகம் மட்டும் தொங்கிப்போனது.

"சந்தோஷப்படாத தங்கச்சி. சிந்தலன்னா இன்னா அர்த்தம்? ஒருத்தர பாத்து ஒருத்தர் பயந்துகினு நடக்கறாங்க. இது சீரியஸ் கேசு" என்றார். கூட்டமில்லாத ஒரு சின்ன ஏரியைச் சுவரில் தொட்டுக் காட்டினார். காலால் மிதிக்கிற படகு, அதான் போட்டு, இருக்கும், ரெண்டு பேரும் சேர்ந்து மிதிக்கவில்லை என்றால் ஒரே இடத்தில் சுற்றும், அதுதான் இவர்களுக்கு மருந்து என்றார்.

இங்கே ஒரு வழக்கம் சொல்ல வேண்டும். எங்கள் ஜனத்தில் கல்யாணமானவர்கள் முதலில் வேளாங்கண்ணிக்குப் போவார்கள். தனியாக இல்லை, குடும்பமே வேன் வைத்துக்கொண்டு போகும். சம்மந்தியம்மா ஹனிமூனையும் அந்தக் கணக்கிலேயே எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலையில் வேனில் பதினாலு பேர், ஒரு ஸ்டவ், ஒரு குண்டான், ஒரு மூட்டை நெத்திலிக் கருவாடு. விஷயம் கேள்விப்பட்டு கிரேன் அண்ணனும் பொண்டாட்டியோடு ஓடிவந்து ஏறிக்கொண்டார். சரக்கு ஏற்றிவிட்டால் இறக்கும் வரைக்கும் ஆபரேட்டர்தான் பொறுப்பாம்.

வேளாங்கண்ணியில் நேர்த்திக்கடனை முடித்து, மறுநாள் மலை ஏறினோம். ஏரிக்கரையில் இறங்கியதும் யார் சொல்லியும் கேட்காமல் சம்மந்தியம்மா மிதிக்கிற போட்டில் முதல் ஆளாக உட்கார்ந்துவிட்டார். நாலு பேர் போட்டு அது. பின்சீட்டில் மீன்கூடை மாதிரி நிறைந்து உட்கார்ந்துகொண்டு, "ஏறுங்க, போவலாம்" என்றார். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளை தண்ணீரைப் பார்த்தார். மறுநாள் ஸ்டெல்லா கெடு வைத்த ஞாயிற்றுக்கிழமை.

கிரேன் அண்ணன், படகுக்காரர் துடுப்பு வலிக்கிற போட்டு ஒன்றின் பக்கத்தில் போய் நின்றார். அப்போதுதான் அவர் பொண்டாட்டி என் காதில் சொன்னார்: "அவருக்குத் தண்ணின்னா உயிரே போயிடும். மேல இருந்து பாத்துதான் பழக்கம். இதுவரிக்கும் ஒரு போட்டுல கால வெச்சதில்ல."

கிரேன் அண்ணன் சம்மந்தியம்மாவைச் சத்தமாகக் கூப்பிட்டார். "யக்கா, எனக்கு தண்ணின்னா பயம். நீ கடல்காரி. நீ கைய புடிச்சினு குந்தினா நானும் சாவறதுக்குள்ள ஒருவாட்டி போட்டுல போய்ட்டு வருவேன்."

பதினாலு பேர் எதிரில் கடல்காரி என்று கூப்பிட்ட பிறகு எந்தப் பொம்பளை உட்கார்ந்திருப்பாள்? சம்மந்தியம்மா இறங்கி வந்தார். "வா நைனா, புடி" என்று கையை நீட்டினார். போட்டு நகர்ந்ததும் கிரேன் அண்ணன் இரண்டு கையாலும் அவர் கையைக் கவ்விக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினார். அந்தப் பக்கம் ஸ்டெல்லாவும் மாப்பிள்ளையும் ஏறின மிதிக்கிற போட்டும் கிளம்பிவிட்டது. சம்மந்தியம்மாவுக்கு நடு ஏரியில்தான் சூது புரிந்தது. திருப்பச் சொல்லிப் படகுக்காரரிடம் கத்தினார். "திருப்பினா ஆடும்க்கா, நேரா போவட்டும், நேரா" என்று இவர் நடுங்கிக்கொண்டே சொன்னது கரை வரைக்கும் கேட்டது. ஒரு மணி நேரம் அவர் கையை விடவில்லை, திருப்பவும் விடவில்லை.

ஸ்டெல்லா போன போட்டு முதலில் ஒரே இடத்தில் பம்பரம் மாதிரி சுற்றியது. பிறகு மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது. திரும்பி வரும்போது ஆளுக்கு முன்னால் சத்தம் வந்தது.

"எல்லாத்துக்கும் தலைய ஆட்டுவியா? வாய் இல்ல ஒனக்கு?"

"கீது. பேசறேன். நீ மொதல்ல கால மிதி, நான் ஒருத்தனே மிதிச்சினு கீறேன்."

அது சண்டைதான். எனக்குக் கோயில் மணி கேட்டது போல இருந்தது. திரும்பி வரும் வழியில், வேனில் பதினாலு பேர் கேட்க, தனியாக ஒரு ரூம் பார்க்கப் போகிறேன் என்று மாப்பிள்ளை அவர் அம்மாவிடம் சொன்னார். சம்மந்தியம்மா திண்டிவனம் வரைக்கும் குண்டானைத் துடைத்துக்கொண்டே வந்தார். அப்புறம், "சமையலுக்கு காத்து வர்ற எடமா பாரு" என்றார். இன்றைக்கு ஸ்டெல்லாவுக்கு இரண்டு பிள்ளைகள்.

போன தவக்காலத்தில் கிரேன் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். ஏரியில் அன்றைக்கு போட்டை விட்டு இறங்கினபோது அவரைச் சம்மந்தியம்மாதான் குழந்தை மாதிரித் தூக்கிவிட்டார். கரையில் உட்கார்ந்து என்னைக் கேட்டார்: "ஏரி நல்லா இருந்திச்சா தங்கச்சி? நான் கண்ணையே தொறக்கல."

அந்த ஏரியின் பேர் எனக்கு ஞாபகம் வரவில்லை. வேனில் பதினாலு பேரா பதினாறா என்பதும் சந்தேகம். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள். அவர் பயந்தார் என்று எழுதியிருப்பதை மட்டும் அடித்துவிட வேண்டாம். அவர் எவ்வளவு தைரியக்காரர் என்று சொல்ல எனக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை.