போற வழிதானே!

மனிதர்களில் நேரத்துக்கு வருகிறவர்கள் உண்டு, தாமதமாக வருகிறவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் அடங்காத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. இவர்கள் சொன்ன நேரத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். சொல்லப்போனால் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பிவிடுவார்கள். வந்து சேருவதில்தான் சிக்கல். நடுவில் யார் வீடு இருந்தாலும், எந்தக் கோபுரம் தெரிந்தாலும், எங்கே கொய்யாப்பழம் விற்றாலும், “போற வழிதானே!” என்று வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள். போற வழிதானே ஆசாமிகள் என்று இவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் தெருவிலும் ஒருவராவது இருப்பார். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் வேணுகோபால் இருக்கிறார்.

கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கும் விருந்தாளியை அழைத்துவர ஸ்கூட்டரில் கிளம்புவார். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் சத்திரம். ஆனால் காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் மலிவு என்று அங்கே ஒரு எட்டு, அவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, பொன்மலைத் தங்கையைப் பார்க்காமல் போனால் என்ன நினைப்பாள் என்று அங்கே ஒரு எட்டு, தங்கை கொடுத்த குக்கர் மூடிக்கு வாஷர் மாற்ற இன்னொரு எட்டு என்று சுற்றிவிட்டுச் சத்திரத்துக்கு வந்தால் விருந்தாளியைக் காணோம். அவர் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய், குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டிருப்பார். “அப்படி என்னங்க அவசரம் அவருக்கு?” என்பார் வேணுகோபால், நிஜமான வருத்தத்தோடு. நமக்கு வழி என்பது ஒரு கோடு. அவருக்கு அது குறைந்தபட்சம் ஒரு மாவட்டம்.

இப்படிப்பட்டவர் சொந்தபந்தங்களைத் திரட்டிக்கொண்டு தீம் பார்க் போகத் திட்டம் போட்டால் என்ன ஆகும்? போட்டார். அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிற பாவத்துக்கு என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

கோடை விடுமுறை. அண்ணன், தங்கை, அவர்கள் பிள்ளைகள் என்று ஒரு வேன் நிறைய ஆள். செங்கல்பட்டைத் தாண்டிக் கிழக்கே திரும்பினால் அந்தத் தீம் பார்க். வேணுகோபாலின் மகள் சுபஸ்ரீ எல்லாவற்றையும் போனில் பார்த்து வைத்திருந்தாள். சனிக்கிழமை விடியற்காலை கிளம்பினால், பார்க் திறக்கும்போது வாசலில் நிற்கலாம். இவ்வளவுதான் திட்டம். ஐந்து நிமிடத்தில் கலைந்திருக்க வேண்டிய கூட்டம் மூன்று ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

அத்தனை பேரில் கோரிக்கை என்று ஒன்றை வைத்தவர் வேணுகோபாலின் மனைவி மட்டுவார்குழலி மட்டும்தான்.

“எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அந்தத் தலைகீழா சுத்துற ரயில்ல ஒரு தடவை ஏறணும்.”

எல்லாரும் சிரித்தார்கள். “இந்த வயசுல உனக்கு எதுக்குக் குழலி அதெல்லாம்?” என்றார் வேணுகோபால்.

“கத்தணுங்க.”

“கத்தணுமா?”

“ஆமா. வீடியோல பாத்தேன். வீட்டுல கத்தினா என்னமோ ஏதோன்னு பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வருவாங்க. அங்க எல்லாரும் கத்துறாங்க, ஒருத்தரும் ஏன்னு கேக்கல.”

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த ரயிலில் ஐந்து மணிக்கு மேல் யாரையும் ஏற்ற மாட்டார்கள் என்று சுபஸ்ரீ எச்சரித்தாள்.

“நாமதான் காலையிலயே போயிடுறமே” என்றார் வேணுகோபால், போனில் மேப்பை விரலால் பெரிதாக்கிக்கொண்டே. இந்த இனத்தின் கையில் மேப்பைக் கொடுக்கவே கூடாது. சின்னதாக இருக்கும்வரை அதில் ஊர்கள்தான் தெரியும். பெரிதாக்கினால் சொந்தக்காரர்கள் தெரிய ஆரம்பித்துவிடுவார்கள்.

“சமயபுரத்தைத் தாண்டித்தானே போறோம்? ஆத்தாவைப் பாக்காம போனா நல்லாவா இருக்கும்?”

ஆத்தாவை யார் வேண்டாம் என்பது? தீர்மானம் நிறைவேறியது.

“அப்படியே சிறுவாச்சூர் மதுரகாளி. போற வழிதானே!”

தங்கை கணவர் ராஜ்மோகன் பொன்மலை ரயில்வே பணிமனையில் இருக்கிறார். தப்பிக்க ஒரு சந்து தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அங்க திங்கள், வெள்ளிதான் நடை திறப்பாங்க மச்சான். நாம போறது சனிக்கிழமை.”

“அதுக்கென்ன மாப்பிள்ளை? வெள்ளிக்கிழமையா மாத்திட்டாப் போச்சு!”

உலகத்தில் எந்தத் தீம் பார்க் பயணத்துக்காவது மதுரகாளியம்மன் தேதி குறித்துக் கொடுத்திருக்கிறாளா? எங்களுக்குக் குறித்தாள். ராஜ்மோகனுக்கு ஒரு லீவு போயிற்று.

அடுத்த ஞாயிறு உளுந்தூர்பேட்டை சேர்ந்தது. அங்கே இருக்கும் பழைய சகா சிவசங்கருக்கு முழங்கால் ஆபரேஷனாம், போய் விசாரிக்கவே இல்லையாம். மூன்றாவது ஞாயிறு விழுப்புரம். அங்கே தூரத்து உறவில் ஒரு பையன், சுபஸ்ரீக்குப் பொருத்தமாக இருப்பான்.

“அப்பா! தீம் பார்க் போறப்பயா மாப்பிள்ளை பாக்குறது?”

“பாக்குறது இல்லம்மா. போற வழியில சும்மா ஒரு காபி.”

அன்று எனக்கு டம்ளரை நீட்டும்போது மட்டுவார்குழலி தாழ்ந்த குரலில் சொன்னார்: “கல்யாணமான புதுசுல ஊட்டிக்குக் கிளம்பினோம் சார். கரூர்ல ஒரு வீடு, ஈரோட்டுல ரெண்டு வீடு, மேட்டுப்பாளையத்துல இவங்க பெரியம்மா. அதோட லீவு முடிஞ்சுபோச்சு. ஊட்டிக்குப் போற வழி எனக்கு நல்லாத் தெரியும். ஊட்டிதான் தெரியாது.”

இதற்காக வேணுகோபாலைத் திட்ட முடியுமா? முடியாது. யாரையும் தாண்டிப் போக அவருக்கு மனசு வராது, அவ்வளவுதான். வழிநெடுக அன்பு செலுத்துகிறார். என்ன, அந்த அன்பெல்லாம் வழியில் இருக்கிறவர்களுக்கே செலவாகிவிடுகிறது. கூட வண்டியில் வருகிறவர்களுக்கு மிச்சம் இருப்பதில்லை. எனக்கு அந்த அம்மாளை நினைத்தால் உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை இருட்டோடு கிளம்பினோம். சமயபுரத்தில் நடை திறக்கக் காத்திருந்தோம். சிறுவாச்சூரில் கூட்டம் குறையக் காத்திருந்தோம். உளுந்தூர்பேட்டையில் சிவசங்கரின் முழங்காலைக் குழந்தைகள் உட்பட அனைவரும் வரிசையாகப் பார்த்து முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார் சிவசங்கர். நம்மவர் மறுப்பாரா? இலை போட்டார்கள்.

நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மட்டுவார்குழலி வாசலில் வேன் டிரைவர் இம்தியாஸிடம் பேசுவது காதில் விழுந்தது.

“தம்பி, சென்னை பஸ் எங்க நிக்கும்?”

“ரோட்டைத் தாண்டிக் கை காட்டுங்கம்மா, நிறுத்துவாங்க.”

“நடுவுல யார் வீட்டுக்காவது போவாங்களா?”

இம்தியாஸ் ஒரு கணம் யோசித்துவிட்டு, “பஸ்ஸுக்கு ஏதும்மா சொந்தக்காரங்க?” என்றார்.

அந்த அம்மாள் மகளைப் பார்த்துக் கண்ணைக் காட்டியதையும் பார்த்தேன். விழுப்புரம் காபிக்குப் பயந்துகொண்டிருந்த சுபஸ்ரீ இரண்டாவது ஜாடைக்குக் காத்திருக்கவில்லை. நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குனிந்து ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டேன்.

கை கழுவும்போது வேணுகோபாலின் போனில் செய்தி வந்தது: “நாங்க பஸ்ல போறோம். நீங்க நிதானமா வாங்க.” கூடவே எங்கள் எல்லாருடைய பார்க் டிக்கெட்டும்.

வேணுகோபால் அதை இரண்டு தடவை படித்தார். ராஜ்மோகன் ஆவலோடு, “அப்ப விழுப்புரம் வேணாமில்ல மச்சான்? பொண்ணே இல்லையே!” என்றார்.

“பொண்ணு இல்லாட்டி என்ன மாப்பிள்ளை? போற வழிதானே!”

போனோம். ஒரு வேன் ஆட்களும் அந்த வீட்டுக் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டோம். புதுச்சட்டை போட்ட அந்தப் பையன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவன் அம்மா கேட்டேவிட்டார்: “பொண்ணு எங்கங்க?”

“முன்னால போயிட்டா. நாங்கதான் பின்னாடி வந்துக்கிட்டிருக்கோம்” என்றார் வேணுகோபால். அவர் வாழ்க்கையில் அவ்வளவு துல்லியமாக வேறெதையும் சொன்னதில்லை.

தீம் பார்க்கை அடைந்தபோது ஐந்தரை மணி. பிள்ளைகள் வெளிச்சம் போவதற்குள் தண்ணீரில் குதிக்க ஓடினார்கள். தலைகீழ் ரயில் ஓட்டம் முடிந்து நின்றிருந்தது. அதற்கு எதிரே ஒரு பெஞ்சில் மட்டுவார்குழலி. பின்னல் அவிழ்ந்து, வைத்திருந்த பூ எங்கேயோ பறந்துபோய், முகம் மட்டும் அப்படி ஒரு பிரகாசமாக இருந்தது.

“நாலு தடவைப்பா!” என்றாள் சுபஸ்ரீ. “இறங்க இறங்கத் திரும்பப் போய் வரிசையில நின்னுட்டாங்க.”

“என்னை விட்டுட்டுப் போயிட்டியே குழலி” என்றார் வேணுகோபால், மெதுவாக. கோபம் இல்லை. அவரை யாரும் அதுவரை தாண்டிப் போனதில்லை. மட்டுவார்குழலி அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்து, ரயிலின் உச்சியைக் காட்டி ஏதோ சொல்ல வந்தார். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

சுபஸ்ரீ எடுத்துச் சொன்னாள்: “மேலேருந்து பாத்தா கடல் தெரியுதாம்ப்பா.”

“கடலா?” வேணுகோபாலின் முகம் மலர்ந்தது. கை சட்டைப்பையிலிருந்த போனைத் தேடியது. “அப்ப மாமல்லபுரம் பக்கத்துலதான்! திரும்புற வழிதானே…”

மட்டுவார்குழலி கத்துவதற்கு வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. இருந்ததையெல்லாம் மேலேயே கொட்டிவிட்டு வந்திருந்தார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். வேணுகோபாலும் இதைப் படித்தால், “இப்படியும் சில பேர் இருக்காங்கல்ல!” என்று உங்களைவிடப் பலமாகச் சிரிப்பார். அதனால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். அடுத்த தடவை “ஒரே நிமிஷம்” என்று எங்கேயாவது இறங்கினால், திரும்பி வந்து வண்டியை எடுப்பதற்கு முன்னால் பின்சீட்டில் இருக்கிறவர்களை ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.